கிரெடிட் கார்டு பில் கட்ட மறந்துட்டேன்... டிமென்ஷியாவா இருக்குமோ?



ஜூலை மாசம் வந்தா ஆடிட்டர் ஆபீஸ்ல அதிகம் காதுல விழுற வார்த்தை "மறந்துட்டேன் சார்" தான். பழைய கம்பெனியில ஃபார்ம் 16 வாங்க மறந்துட்டேன், கார்டு பில் கட்ட மறந்துட்டேன்... இப்பல்லாம் கூடவே ஒரு பயமும் சேர்ந்து வருது: "முப்பது வயசுலயே இப்படின்னா, பின்னாடி டிமென்ஷியா வந்துடுமா?"

இந்த பயத்துக்கும் பணத்துக்கும் நிஜமாவே ஒரு தொடர்பு உண்டு. 2020-ல அமெரிக்காவுல வெளியான ஓர் ஆய்வு, தனியா வசிக்கிற முதியவர்களோட மருத்துவப் பதிவையும் கடன் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நோய் கண்டுபிடிக்கப்படுறதுக்கு 6 வருஷம் முன்னாடியே அவங்க பில் தவறவிடுறது அதிகமா இருந்துச்சு. எவ்வளவு அதிகம்? டிமென்ஷியா வந்தவங்கள்ல 7.7 சதவீதம் பேர், வராதவங்கள்ல 7.3 சதவீதம் பேர். வித்தியாசம் 0.4 தான். அதாவது பில்லை மறக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த நோயே இல்ல. அதுவும் இது முதியவர்கள் கணக்கு. உங்க வயசுல ஒரு டியூ டேட் போனதை வச்சு முடிவு கட்டாதீங்க.

அப்போ ஏன் மறக்குது?

பல நேரம் அது மறதியே இல்ல, பதிவே ஆகல. மேனேஜரோட கால்ல இருக்கும்போது பேங்க் மெசேஜ் வருது. கண்ணு பார்க்குது, கவனம் இல்ல. கவனம் இல்லாத விஷயம் ஞாபகத்துல உட்காராது. டென்ஷனும் தூக்கக் குறைவும் சேர்ந்தா இது இன்னும் மோசமாகும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு பிரச்சனை, மன அழுத்த நோய் இதனாலயும் மறதி வரலாம். இதெல்லாம் சிகிச்சை உள்ள விஷயங்கள்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்? சாவியை எங்க வச்சோம்னு தேடுறது சாதாரணம். வருஷக்கணக்கா செஞ்ச வேலையை எப்படி செய்யறதுன்னே தெரியாம நிக்கிறது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறது, பழகின தெருவுல வழி தடுமாறுறது, நம்மள விட வீட்டுல இருக்கிறவங்க முதல்ல கவனிக்கிறது, இதெல்லாம் வேற. அப்போ கூகுள் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

பணத்தை ஞாபகத்தை நம்பி விடாதீங்க

1. கார்டு பில்லுக்கு ஆட்டோ டெபிட் போடுங்க. 'மினிமம் டியூ' இல்ல, 'டோட்டல் டியூ'. சம்பளம் வந்த ரெண்டு மூணு நாள்ல டியூ டேட் வர்ற மாதிரி மாத்திக்குங்க. ஒருவேளை தவறினாலும் பதற வேண்டாம்: ரிசர்வ் வங்கி விதிப்படி டியூ டேட்டுக்கு மேல 3 நாள் தாண்டினாத்தான் லேட் ஃபீ போடலாம், சிபில்ல ஏத்தலாம்.

2. டேர்ம் பாலிசி பிரீமியத்தை வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுங்க. கிரேஸ் பீரியட் 30 நாள் கிடைக்கும். மாசாமாசம் கட்டினா 15 நாள்தான்.

3. கணக்கு, பாலிசி, பிஎஃப், டீமேட், நாமினி எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க. 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியோட நிதிக்குப் போயிடும். 'உத்கம்' தளத்துல தேடி திரும்ப வாங்கலாம்தான், ஆனா அந்த அலைச்சல் எதுக்கு?

நிஜமா கவனிக்க வேண்டியது அப்பா அம்மாவை

டிமென்ஷியா பெரும்பாலும் 65 வயசுக்கு மேல வர்ற நோய். கணக்குப் புலியா இருந்த அப்பா ஒரே கரண்ட் பில்லை ரெண்டு தடவை கட்டுறார், யாரோ போன்ல கேட்டதும் ஓடிபி சொல்லிடுறார்னா, "வயசாச்சு, அப்படித்தான்"னு விட்டுடாதீங்க.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு சட்ட விஷயம் இருக்கு. "பவர் எழுதி வாங்கியிருக்கோம், பார்த்துக்கலாம்"னு நினைப்போம். ஆனா இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் மனநிலை தெளிவை இழந்தா அந்த பவர் முடிஞ்சுடும். தேவைப்படுற நேரத்துலதான் அது செல்லாமப் போகும். உயில் எழுதவும் தெளிவான மனநிலை வேணும். அதுக்கப்புறம் பல குடும்பங்கள் கார்டியன் ஆர்டருக்காக ஹைகோர்ட் வரை போக வேண்டி வருது.

அதனால அவங்க தெளிவா இருக்கும்போதே பேசுங்க. சொத்தை எழுதி வாங்குற பேச்சா ஆரம்பிக்காதீங்க, "அப்பா, என்னோட லிஸ்ட் இது, உங்களோடதையும் எழுதி வச்சுக்கலாமா?"ன்னு கேளுங்க. 'ஐதர் ஆர் சர்வைவர்' ஜாயின்ட் அக்கவுண்ட், நாமினி, உயில் இந்த மூணும் முடிஞ்சா பாதி பாரம் குறையும். ஏற்கனவே நோய் உறுதியாகியிருந்தா, பழைய வரி முறையில இருக்கிறவங்க சிகிச்சைச் செலவுக்கான வரிக் கழிவைப் பாருங்க. நோயின் பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல்னு ஸ்பெஷலிஸ்ட் சான்று கொடுத்தா, சீனியர் சிட்டிசனுக்கு ஆகுற சிகிச்சைச் செலவுல 1 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு.

பிபி, சுகர், கொலஸ்ட்ரால், சிகரெட், குடி, உட்கார்ந்தே இருக்கிறது... டிமென்ஷியா ஆபத்தைக் கூட்டுற, நம்மால மாத்த முடிஞ்ச 14 காரணங்களை 2024 லான்செட் ஆணையம் சொல்லுது. மறதியைப் பத்தி ராத்திரி ரெண்டு மணிக்கு தேடிப் படிக்கிற நேரத்துல தூங்குங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த ஒரு தாளை எழுதி முடிங்க.