இயற்கை நிழற்படக் கலையும் பெங்களூரு நகரும்

பறவைகளையும் விலங்குகளையும் நிழற்படம் எடுக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் வினவுவது, எந்தக் காமிராவை வாங்கலாம் என்பதே. இக்கலையில் நம் நாட்டில் சிறப்புற்று விளங்கும் பெங்களூரு நகரின் வரலாற்றை ஆராய்ந்தால், அதற்கு முன்னர் வினவ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு எனத் தெரியும். யாரிடம் கற்பது, யாருடன் சேர்ந்து கற்பது என்பதே அக்கேள்வி. பள்ளி ஆசிரியர்களும் வெளிக்களப் பணியாளர்களும் தத்தம் ஊர்களில் பின்பற்றத்தக்க பாடங்கள் இவ்வரலாற்றில் உள்ளன.

ஆசிரியரும் மாணவரும்

டாக்டர் ஜி. தாமஸ் என்பாரின் முயற்சியால் இந்திய நிழற்படச் சம்மேளனம் 1953ஆம் ஆண்டில் இந்நகரில் நிறுவப்பெற்றது. அக்காலத்தில் இங்கு வாழ்ந்த ஓ. சி. எட்வர்ட்ஸ் கானுயிர் நிழற்படத்தில் ஈடுபாடு மிக்கவர். அவரிடம் பயின்றவர் டி. என். ஏ. பெருமாள் (1932–2017). பெருமாள் பிற்காலத்தில் உலகப் புகழ் எய்தினார். தாம் கற்றதை அடுத்த தலைமுறையினர் பலருக்கும் கற்பித்தார். ஈ. ஹனுமந்த ராவ், எம். ஒய். கோர்ப்படே முதலியோரும் கர்நாடகத்திற்குப் பெருமை சேர்த்தவர்கள். 1971இல் தொடங்கப்பெற்ற இளைஞர் நிழற்படச் சங்கம் இக்கல்வியைப் பலருக்கும் உரியதாக்கிற்று.

பிலிம் வழங்கிய அக்காலத்தில் ஒரு சுருளில் பன்னிரண்டு படங்களோ முப்பத்தாறு படங்களோதான் எடுக்க இயலும். மின்வெட்டுக் குமிழ் ஒரு முறை ஒளிர்ந்ததும் பயனற்றுப் போகும். படம் சரியாக விழுந்ததா என்பது இருட்டறையில் கழுவிய பின்னரே புலப்படும். ஆகவே ஒருவர் தம் பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்வதற்கு நெடுங்காலம் ஆகும். சங்கக் கூட்டத்தில் பலர் முன்னிலையில் படத்தை வைத்தால், ஒளி குறைந்தது ஏன், பறவையின் கண் தெளிவாக விழாதது ஏன் என்பனவற்றை அனுபவமுடையோர் ஒரே மாலையில் விளக்கிவிடுவர். ஒருவருடைய பிழை அனைவருக்கும் பாடமாகும்.

துணைவரின்றி இயலாத வேலைகளும் இக்கலையில் உண்டு. படம் எடுப்போர் துணியாலோ கோணியாலோ அமைந்த மறைவிடத்தினுள் அமர்ந்து காத்திருப்பர். ஒருவர் மட்டும் உள்ளே புகுவதைப் பறவை கண்டுவிட்டால் அது எளிதில் அருகே வராது. எனவே இருவர் சேர்ந்து உள்ளே சென்று, ஒருவர் மட்டும் வெளியேறி நடந்து செல்வது வழக்கம். ஆள் போய்விட்டதாகக் கருதிப் பறவை அச்சம் நீங்கித் திரும்பும். வெளியே நடந்து செல்பவருக்குப் படம் ஏதும் கிடைப்பதில்லை. ஆயினும் அவர் இன்றேல் அப்படமே இல்லை.

நோக்குதலே முதற்படி

காமிராவைக் கையாளும் திறன் பாதிக் கல்வியே. உயிரினத்தின் பழக்கங்களை அறிதல் எஞ்சிய பாதி. பெங்களூருவில் 1970ஆம் ஆண்டுகளில் டாக்டர் ஜோசப் ஜார்ஜ் முதலானோர் பறவை நோக்குவோரை ஒன்றுதிரட்டினர். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்பாக் தோட்டத்தில் கூடும் வழக்கம் அவ்வாறு ஏற்பட்டது. முதியோரும் மாணவரும் அங்கு ஒருங்கே நடந்து பறவைகளை இனங்கண்டனர். பறவை நோக்குவோருக்கான செய்தி இதழை 1959 முதல் நடத்திவந்த ஜாபர் புதேஹல்லி இந்நகரில் குடியேறியதும் இம்முயற்சிகளுக்கு உரமூட்டியது.

தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912–1996) இதற்குத் தக்க சான்று. அவர் 1940ஆம் ஆண்டுகளில் கர்நாடகத்தைச் சார்ந்த சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். பின்னர்ச் சென்னையில் வாழ்ந்து, 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றிய கட்டுரைகளைப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். தென்னாட்டு யானைகளை அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள், அவ்விலங்குகளின் நடத்தை பற்றிய குறிப்புகளாகவும் பயன்படுகின்றன.

கூட்டினருகே எல்லை

முந்தைய தலைமுறையினர் பறவைக் கூடுகளின் அருகே அமர்ந்தே பெரிதும் படம் எடுத்தனர். தாய்ப்பறவை கூட்டிற்குத் தவறாமல் திரும்பும். அன்றைய லென்சுகளுக்கும் அண்மை தேவைப்பட்டது. இன்று அறிந்தோர் அம்முறையை விலக்குகின்றனர். இம்மனமாற்றத்திற்குரிய காரணங்களை ஒவ்வொருவரும் உணர்தல் வேண்டும்.

மனிதரைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து சென்றால், முட்டைகளும் இறகு முளைக்காத குஞ்சுகளும் வெயிலில் வாடும். குளிர்ந்த வேளையில் விறைக்கும். படம் தெளிவாக விழும்பொருட்டுக் கிளைகளை விலக்கினாலோ வெட்டினாலோ, இலை மறைவு நீங்கிக் காகமும் பருந்தும் கூட்டைக் கண்டுகொள்ளும். ஒரு நல்ல படத்தின் விலை ஒரு தலைமுறைக் குஞ்சுகளாக அமைந்துவிடலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைத்தலை வேட்டை என்னும் சொல்லின் பொருளில் அடக்கியுள்ளது. படத்தினும் உயிரினத்தின் நலனே பெரிது என்பதை உலக நிழற்படச் சங்கங்களும் விதியாக ஏற்றுள்ளன. இயற்கைப் பிரிவுப் போட்டிகளில், படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் உள்ளதை நீக்குவதும் அவற்றால் விலக்கப்பட்டுள்ளன.

தனித்துச் செல்பவர் ஆசை மிகுதியால் இவ்வெல்லையை மீறக்கூடும். தம் படத்தைத் தோழர்களுக்குக் காட்ட வேண்டியவரோ, இதனை எவ்வாறு எடுத்தீர் என்னும் கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். சங்கத்தினால் விளையும் நன்மைகளுள் தலையாயது இதுவே.

அறிவியலுக்கு உதவி

நிழற்படம் ஆராய்ச்சிக் கருவியாகவும் ஆகக்கூடும். விஞ்ஞானி உல்லாஸ் கரந்த், நாகரஹொளேக் காட்டின் பாதைகளில் தானியங்கிக் காமிராக்களை அமைத்துப் புலிகளைக் கணக்கிட்டார். ஒரு புலியின் வரிகள் மற்றொன்றுக்கு அமைவதில்லை. ஒரே புலியின் இடப்புற வரிகளும் வலப்புற வரிகளும்கூட வேறுபடும். ஆதலின் பாதையின் இரு மருங்கிலும் காமிராக்கள் வைக்கப்பெற்றன. ஒருமுறை பதிவான புலிகளுள் எத்தனை மீண்டும் பதிவாகின்றன என்பதைக் கொண்டு மொத்தத் தொகையை மதிப்பிடும் இம்முறையை அவர் 1995இல் வெளியிட்டார். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இத்தகைய காமிராக்கள் அமைக்கப்பட்டன.

நம் ஊரில் தொடங்குவது எவ்வாறு?

இதற்குப் பெரிய நகரமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஓர் ஏரிக்கரையோ பள்ளித் தோட்டமோ போதும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மழையாயினும் வெயிலாயினும் அந்நாளில் கூடுக. முதலில் காமிராவின்றி ஒரு மணி நேரம் நோக்கிப் பழகுக. எடுத்த ஒவ்வொரு படத்திற்கும் நாள், நேரம், இடம், உயிரினம் செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை எழுதிவைக்க. பெயர் அறியாத இனத்தை ஊகித்து எழுதாது, அறிந்தவரிடம் கேட்டுத் தெளிக. பிறர் படத்தைக் குறைகூறுமிடத்துத் திருந்தும் வழியையும் உடன் கூறுக. கூடு காணப்பட்ட இடத்தைப் பலரறியச் சொல்லற்க. காப்புக் காடுகளில் வனத்துறையின் அனுமதி பெற்றே நுழைக.

பத்து ஆண்டுகள் இவ்வாறு நடந்த பள்ளியில், அவ்வூர் ஏரிக்கு எப்பறவை எம்மாதத்தில் வந்தது, எது வராது நின்றுவிட்டது என்பதைக் கூறும் படத்தொகுப்பு ஒன்று உருவாகியிருக்கும். அதனைத் தொடங்கிவைத்த ஆசிரியர் வேறூருக்கு மாற்றலாகிப் போயிருப்பினும், அவரிடம் பயின்ற மாணவர் அதனைத் தொடர்ந்து நடத்துவர். எட்வர்ட்ஸிடமிருந்து பெருமாளுக்கும், பெருமாளிடமிருந்து பிறருக்கும் இக்கலை சென்ற வழி அதுவே.