தொண்டை வலி தானேன்னு விட்டுடாதீங்க!



மழையும் பனியும் வந்தாலே வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல்தான். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்போம், மிளகுப் பால் கொடுப்போம். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். காரணம், பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆனால் ஒரு பகுதி 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியாவால் வருகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இருதயம் வரைக்கும் பாதிப்பு போய்விடும். அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

இது என்ன கிருமி?

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தக் கிருமி மணி கோத்த மாலை மாதிரி வரிசையாகத் தெரியும். இதில் பல பிரிவுகள் உண்டு. தொண்டையைத் தாக்குவது பெரும்பாலும் 'ஏ' பிரிவு. இருமல், தும்மல், எச்சில் வழியாகப் பரவும். ஒரே அறையில் நெருக்கமாகப் படுக்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் சீக்கிரம் தொற்றும். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது.

இதே கிருமி தோலில் சிரங்கையும் உண்டாக்கும். பிரசவமான பெண்களுக்கு வரும் கடுமையான காய்ச்சலுக்கும் இது ஒரு காரணம். 1847-ல் வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்ப்பவர்கள் மருந்துத் தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். தாய்மார் சாவு வெகுவாகக் குறைந்தது. கை கழுவுவது சின்ன விஷயமில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

எப்படி அடையாளம் காண்பது?

* திடீரென்று காய்ச்சலும் தொண்டை வலியும் வரும். எச்சில் விழுங்கவே வலிக்கும்.
* உள்நாக்கின் இரண்டு பக்கமும் உள்ள சதை சிவந்து வீங்கும். சிலருக்கு அதன்மேல் வெள்ளைப் படலம் இருக்கும்.
* தாடைக்குக் கீழே கழுத்தில் நெறி கட்டி, தொட்டால் வலிக்கும்.

மூக்கு ஒழுகுவது, இருமல், குரல் கம்முவது இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். ஆனாலும் கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் பரிசோதனை.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையின் உள்பக்கம் தடவி எடுப்பார்கள். குமட்டல் வரும், வலிக்காது. அதை ரத்தம் கலந்த ஒரு தட்டில் தேய்த்து, நம் உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைப்பார்கள். நாம் பாலுக்கு உறை ஊற்றி வைக்கிற மாதிரி, தட்டில் கிருமி வளரும். 'ஏ' பிரிவுக் கிருமி தன்னைச் சுற்றியுள்ள ரத்த அணுக்களை உடைத்துவிடும். அதனால் சின்னப் புள்ளிகளைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். பிறகு வேறு சோதனைகள் செய்து எந்தப் பிரிவு என்று உறுதி செய்வார்கள். இந்தப் பரிசோதனைக்கு முன்னாடியே கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால், கிருமி இருந்தாலும் தட்டில் வளராமல் போகலாம்.

'ஏ.எஸ்.ஓ.' என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் உண்டு. சமீபத்தில் இந்தக் கிருமி வந்து போயிருக்கிறதா என்பதைத்தான் அது காட்டும். அந்த எண் கூடுதலாக இருக்கிறது என்பதால் மட்டுமே பிள்ளைக்கு இருதய நோய் என்று பயந்துவிடக் கூடாது. அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொண்டைப் பரிசோதனை வசதி இருக்காது. அங்கே டாக்டர் அறிகுறிகளைப் பார்த்தே மருந்து கொடுப்பார்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும்?

தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரம் கழித்து சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு மூட்டு வீங்கும். இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கணுக்கால் என்று வலி இடம் மாறும். 'வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்' என்று நாம் விட்டுவிடுகிறோம். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறி, நம் மூட்டையும் இருதயத்தையும் தாக்குகிறது.

மூட்டு வலி சரியாகிவிடும். இருதய வால்வு அப்படி இல்லை. கிணற்று மோட்டாரில் புட்வால்வு பழுதானால் தண்ணீர் திரும்பிப் போகிற மாதிரி, ரத்தம் பின்னால் கசியும். நாளாக நாளாக வால்வு சுருங்கவும் செய்யும். பிள்ளையாக இருக்கும்போது வந்த பாதிப்பு, கல்யாணமாகி கர்ப்பமாகும்போது மூச்சுத் திணறலாக வெளியே தெரிவதும் உண்டு. இந்த இருதய நோயால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 3,60,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சிரங்கு வந்து ஆறிய சில வாரங்களில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

1. மேலே சொன்ன அறிகுறி இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும்.

2. 10 நாள் மாத்திரை என்றால் 10 நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே பிள்ளை விளையாட ஓடும். அதற்காக நிறுத்தக் கூடாது.

3. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மறுபடி வராமல் இருக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள். இது பல வருடம் தொடரும். 'புள்ள நல்லாத்தானே இருக்கா' என்று நிறுத்தினால், அடுத்த தொற்று வால்வை இன்னும் கெடுத்துவிடும்.

குழுவில் கடன் தவணைத் தேதியை நாம் மறப்பதில்லை. யாராவது மறந்தாலும் பக்கத்தில் இருப்பவர் நினைவுபடுத்துகிறார். ஊசித் தேதியையும் அதே மாதிரி பார்த்துக்கொள்ளலாமே! உங்கள் குழுவில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால், அந்தத் தாய் சம்மதித்தால், ஊசித் தேதியைக் குழு நோட்டில் குறித்து வையுங்கள். ஊக்குநர் முதல் நாளே நினைவுபடுத்தட்டும். வால்வு ஆபரேஷனுக்காகக் கடன் கேட்டு நிற்கும் நிலை ஒரு குடும்பத்துக்காவது வராமல் தடுக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கூட்டத்துக்கே அழைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.