சண்டையில் ஜெயிக்கப் போவது யார்? எக்ஸெல்லில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் ஆட்களுக்கான சமாச்சாரம்" என்று மூடிவிடுவது வழக்கம். வரவு செலவு எழுதுங்கள், பால் கணக்கு எழுதுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. எனவே இந்த முறை வேறு வழியில் வருகிறேன். வீட்டில் உள்ள இளைஞர்கள் கண் கொட்டாமல் பார்க்கும் மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ் சண்டையை எடுத்துக் கொள்வோம். சுருக்கமாக எம்.எம்.ஏ. இதில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே கணிப்பது எப்படி, அந்தக் கணிப்பு எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்பதை எக்ஸெல் துணையுடன் பார்க்கலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் விளையாட்டு பற்றிச் சில வரிகள்

பாக்ஸிங், கிக் பாக்ஸிங், மல்யுத்தம், ஜூடோ, ஜியு ஜிட்சு எல்லாம் கலந்த சண்டை இது. யு.எஃப்.சி. என்ற அமெரிக்க அமைப்பு 1993 நவம்பரில் டென்வர் நகரில் தன் முதல் போட்டியை நடத்தியது. இப்போது சாதாரணச் சண்டைக்கு 5 நிமிட ரவுண்டுகள் 3. சாம்பியன் பட்டத்துக்கான சண்டைக்கு 5 ரவுண்டுகள். எதிராளியை நாக்அவுட் செய்யலாம். பிடி போட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்கலாம். இரண்டும் நடக்காவிட்டால் மூன்று நடுவர்கள் போட்ட மார்க்கை வைத்து முடிவு சொல்வார்கள்.

இப்படிப் பல வழிகளில் முடியக்கூடியது என்பதால் கணிப்பதும் சிரமம். 2022 ஆகஸ்டில் கமாரு உஸ்மானும் லியோன் எட்வர்ட்ஸும் மோதினார்கள். கடைசி ரவுண்டு தொடங்கும்போது நடுவர்களின் கணக்கில் உஸ்மான்தான் முன்னணியில் இருந்தார். அந்த ரவுண்டில் 4 நிமிடம் 4 வினாடி ஆனபோது எட்வர்ட்ஸ் தலையில் விட்ட ஒரே உதையில் உஸ்மான் விழுந்தார். ஒரு நிமிடம்கூட மீதம் இல்லாத நேரத்தில் பட்டம் கை மாறியது.

ஆகவே "இவர்தான் ஜெயிப்பார்" என்று அடித்துச் சொல்வது கணிப்பு ஆகாது. "இவர் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு" என்று சொல்வதுதான் கணிப்பு. 70 என்றால், இதுபோன்ற பத்துச் சண்டைகளில் சுமார் மூன்றில் அவர் தோற்பார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ரேட்டிங் போடுவோம்

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கும் முறைக்கு ஈலோ ரேட்டிங் என்று பெயர். செஸ் ஆடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த இந்த முறையை உலக செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. அதையே நாம் இங்கே கடன் வாங்குகிறோம்.

எக்ஸெல்லில் புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். முதல் வரிசையில் ஏ முதல் எச் வரையிலான கட்டங்களில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடுங்கள்: தேதி, முதல் வீரர், அவர் ரேட்டிங், இரண்டாம் வீரர், அவர் ரேட்டிங், வாய்ப்பு, முடிவு, பிழை. எல்லாருக்கும் தொடக்க ரேட்டிங் 1500 என்று வைத்துக் கொள்வோம்.

இப்போது எஃப்2 கட்டத்தில் கிளிக் செய்து இந்த பார்முலாவை அமைத்திடுங்கள். கட்டங்களின் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

=1/(1+10^((ஈ2-சி2)/400))

என்டர் தட்டினால் முதல் வீரர் ஜெயிக்கும் வாய்ப்பு கிடைக்கும். இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் 0.5 வரும், அதாவது 50 சதவீதம். முதல் வீரர் 100 புள்ளி அதிகம் என்றால் 64 சதவீதம். 200 புள்ளி அதிகம் என்றால் 76 சதவீதம்.

சண்டை முடிந்ததும் ரேட்டிங்கை மாற்ற வேண்டும். கிடைத்த முடிவிலிருந்து (வெற்றிக்கு 1, தோல்விக்கு 0) வாய்ப்பைக் கழித்து, அதை 32 ஆல் பெருக்கி, பழைய ரேட்டிங்குடன் கூட்டுங்கள். 1500 உள்ள இருவர் மோதினால் வென்றவர் 1516, தோற்றவர் 1484. அடுத்து அந்த 1516 வீரர் 1600 உள்ளவருடன் மோதினால் அவர் வாய்ப்பு 38 சதவீதம். ஜெயித்தால் 20 புள்ளி கூடும். தோற்றால் 12 புள்ளிதான் குறையும். பலசாலியை வென்றால் பரிசு அதிகம், பலசாலியிடம் தோற்றால் தண்டனை குறைவு. வெறும் வெற்றி எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இணையத்தில் ஒவ்வொரு வீரரும் நிமிடத்துக்கு எத்தனை அடி அடிக்கிறார், எத்தனை முறை எதிராளியைத் தரையில் வீழ்த்துகிறார் என்ற புள்ளிவிவரங்கள் கிடைக்கின்றன. இவற்றை ஒர்க்ஷீட்டில் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தச் சராசரி எத்தனை நிமிட ஆட்டத்திலிருந்து வந்தது?

ரோண்டா ரவுசி கதை இதற்கு நல்ல பாடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்றவர். எம்.எம்.ஏ.வில் 12 சண்டை, 12 வெற்றி. 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹோலி ஹோல்முடன் மோதினார். 56,000 பேருக்கு மேல் அரங்கில் கூடியிருந்தார்கள். ரவுசி ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய மூன்று சண்டைகளை அவர் முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 16 வினாடி, 14 வினாடி, 34 வினாடி. மொத்தம் 64 வினாடி! அதை வைத்து அவர் நின்றுகொண்டு சண்டை போட்டால் எப்படி, களைத்துப் போனால் எப்படி, எதிராளி விலகி விலகி ஆடினால் எப்படி என்று எதுவும் சொல்ல முடியாது. ஹோல்மோ உலக பாக்ஸிங் சாம்பியனாக இருந்தவர். நெருங்கவிடாமல் நகர்ந்து அடிப்பதே அவருடைய பாணி. இரண்டாவது ரவுண்டின் 59ஆவது வினாடியில் தலையில் ஓர் உதை. ஆட்டம் முடிந்தது.

ரவுசி மோசமான வீராங்கனை என்பது இதற்குப் பொருள் அல்ல. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரிந்ததாக நினைத்தது அதிகம். செஸ் வீரர் ஆண்டுக்குப் பல டஜன் ஆட்டங்கள் ஆடுவார். எம்.எம்.ஏ. வீரர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் கூண்டுக்குள் இறங்குகிறார். தகவல் குறைவாக உள்ள இடத்தில் வாய்ப்பு எண்ணை 50 பக்கமாகச் சற்று இழுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு பொறியும் உண்டு. "என் புரோகிராம் பழைய சண்டைகளில் 90 சதவீதம் சரியாகச் சொல்கிறது" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். இன்று இணையத்தில் உள்ள சராசரி, அந்தப் பழைய சண்டையில் விழுந்த அடிகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதை வைத்து அதே சண்டையைக் "கணிப்பது", விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது போன்றது. சோதிக்க வேண்டுமானால் சண்டைக்கு முந்தைய நாள் வரை தெரிந்த தகவலை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

முந்தைய நாள் என்றதும் நினைவுக்கு வருகிறது. வீரர்களின் எடையை வழக்கமாகச் சண்டைக்கு முதல் நாள்தான் பார்ப்பார்கள். எடையைக் குறைக்க முடியாமல் திணறியவரா, கடைசி வாரத்தில் மாற்று ஆளாக வந்தவரா என்பதெல்லாம் ரேட்டிங்கில் தெரியாது. எனவே எடை பார்த்த பிறகு உங்கள் இறுதிக் கணிப்பை எழுதி, பைலை சேவ் செய்திடுங்கள். அதற்குப் பிறகு அதைத் தொடக் கூடாது.

உங்களுக்கே மார்க் போடுங்கள்

என் பார்வையில் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர், மழை வரும் வராது என்ற கணிப்புகளுக்கு மார்க் போட 1950இல் ஒரு வழி சொன்னார். ஜி2 கட்டத்தில் முடிவை 1 அல்லது 0 என்று டைப் செய்திடுங்கள். எச்2 கட்டத்தில் இப்படி அமைத்திடுங்கள்:

=(எஃப்2-ஜி2)^2

பின் எச் நெட்டு வரிசையில் உள்ள எண்களை மவுஸால் தேர்ந்தெடுங்கள். திரையின் அடியில் உள்ள பட்டையில் சராசரி தெரியும். எண் குறையக் குறைய நீங்கள் கெட்டிக்காரர். எல்லாச் சண்டைக்கும் 50 சதவீதம் என்று சோம்பேறித்தனமாகச் சொல்பவருக்கு 0.25 வரும். அதைவிட அதிகம் வந்தால் நாணயம் சுண்டுவதே மேல்.

ஓர் உதாரணம். ஐந்து சண்டைகளுக்கு 70, 70, 60, 80, 55 சதவீதம் என்று கணித்தீர்கள். இரண்டாவதும் ஐந்தாவதும் தவறிவிட்டன. சராசரிப் பிழை 0.22. உங்கள் நண்பர் அதே ஐந்து பேரைத்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் 95 சதவீதம் என்று அடித்துவிட்டார். அவருடைய பிழை 0.36. இருவருமே ஐந்தில் மூன்றைத்தான் சரியாகச் சொன்னீர்கள். வாய் வீரத்துக்கு நண்பர் கொடுத்த விலைதான் அந்த வித்தியாசம்.

ஐந்து போதாது. ஐம்பது சண்டைகளாவது சேர்ந்த பிறகு இந்த எண்ணைப் பாருங்கள்.

காசு கேட்டால் கதவைச் சாத்துங்கள்

எனக்குத் தெரிந்த குடும்பத்தில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், மொபைலில் வந்த "ஷ்யூர் டிப்ஸ்" குழுவுக்கு இரண்டாயிரம் ரூபாய் கட்ட இருந்தான். "தொடர்ந்து ஐந்து சண்டைகளைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள், சார்" என்றான். நான் அவனை எக்ஸெல் முன்னால் உட்கார வைத்தேன். 3200 பேருக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள். பாதிப் பேருக்கு முதல் வீரர், மீதிப் பேருக்கு இரண்டாம் வீரர். தவறாகச் சொன்ன பாதியை விட்டுவிட்டு மீதியை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறார்கள். 1600, 800, 400, 200, 100. ஐந்து சண்டை முடிவில் 100 பேர் ஐந்துக்கு ஐந்து சரி என்று வாய் பிளந்து நிற்பார்கள். சண்டையைப் பற்றி எதுவுமே தெரியாமல் இதைச் செய்யலாம். பையன் எண்களைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

பந்தயக் கம்பெனிகள் கணக்கையும் பாருங்கள். ஒரு வீரருக்கு 1.50, மற்றவருக்கு 2.60 என்று விலை போடுகிறார்கள். 1ஐ அந்த எண்ணால் வகுத்தால் வாய்ப்பு கிடைக்கும். 66.7 சதவீதம், 38.5 சதவீதம். கூட்டினால் 105.2. நூறுக்கு மேல் உள்ள அந்த ஐந்து சொச்சம் கம்பெனியின் லாபம். நீங்கள் ஓரளவு நன்றாகக் கணித்தாலும் பணம் கரைவது இதனால்தான்.

உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்பதும் உண்டு. 2022 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு சண்டைக்குச் சில மணி நேரம் முன்பு பந்தயப் பணம் திடீரென ஒரே பக்கம் குவிந்தது. மறுபக்கத்து வீரர் முதல் ரவுண்டிலேயே தோற்றார். தனக்கு இருந்த காயத்தை அவர் அதிகாரிகளிடம் தெரிவிக்கவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. எந்த பார்முலாவும் இதைக் கண்டுபிடிக்காது.

இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. இத்தகைய குழுக்களிடம் ஏற்கனவே பணம் இழந்தவர்கள் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்திடுங்கள்.

காசு வைக்காமல் கணித்துப் பாருங்கள். வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு ஒர்க்ஷீட். ஆண்டு முடிவில் பிழை எண் யாருக்குக் குறைவோ அவருக்கு மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்கித் தரலாம். அதற்குள் பார்முலா, சராசரி, நெட்டு வரிசை எல்லாம் கைக்கு வந்திருக்கும். பிறகு பால் கணக்கு என்ன, வீட்டுக் கடன் கணக்கையே நீங்கள் போட்டுவிடுவீர்கள்.