தக்காளி சுண்டும்போது

ஒரு கிலோ தக்காளியில் ஏறத்தாழ 940 கிராம் தண்ணீர்தான். வீட்டில் நாலு பேருக்கு ஸ்பகெட்டி சாஸ் வைக்கும்போது கிடைக்கும் நிறம், மணம், ருசி, கெட்டித்தன்மை எல்லாம் மிச்சமுள்ள 60 கிராமுக்குள் அடக்கம். தண்ணீரை வற்ற வைப்பதுதான் வேலை என்றால் அடுப்பு மட்டும் போதும். ஆனால் தென் இத்தாலிய வீடுகளில் எதை முதலில் போடுவது, எவ்வளவு தீ வைப்பது என்பதில் கறாராக இருப்பார்கள். அந்தக் கறாருக்குப் பின்னால் நிறைய வேதியியல் இருக்கிறது.

இத்தனைக்கும் தக்காளி அங்கே வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. 1690களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலில் ஒரு தக்காளி சாஸ் உண்டு. தணலில் சுட்டுத் தோலுரித்த தக்காளியோடு வெங்காயமும் மிளகாயும் வினிகரும் சேர்த்தது. ஆனால் அது வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள, பாஸ்தாவுக்கு அல்ல. பாஸ்தாவும் தக்காளியும் வீட்டுச் சமையலில் நிலையாக ஜோடி சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்.

வெங்காயத்தை முதலில் வதக்கிவிட வேண்டும் என்பது பாலபாடம். காய்களின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை பெக்டின். புளிப்பில்லாத நீரில் சூடு பட்டால் அது இளகும், புளிப்பில் இளகாது. தக்காளியைக் கொட்டிய பிறகு போட்ட வெங்காயம் ஒரு மணி நேரம் கொதித்தும் நறுக்கென்று பல்லில் படும். நம் வீடுகளில் காய் வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றுவதும் இதற்காகத்தான்.

தக்காளியிலும் பெக்டின் உண்டு. சாஸுக்குக் கெட்டித்தன்மை கொடுப்பதே அதுதான். கூடவே, அதைத் துண்டாடும் நொதிகளும் அதே பழத்தில் இருக்கின்றன. பழத்தை நசுக்கியதும் அவை மும்முரமாகிவிடும். தக்காளியை அரைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால், சதை தனியாகவும் வெளிறிய நீர் தனியாகவும் பிரிந்து நிற்கும். நசுக்கிய கையோடு 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிவிட்டால் நொதிகள் செயலிழந்துவிடும். கூழ் கெட்டியாகவே இருக்கும். தக்காளிப் பேஸ்ட் ஆலைகளில் கையாளும் முறை இது. வீட்டில் என்றால், சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு தக்காளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கிப் போடலாம். இதில் ஒரு நஷ்டம் உண்டு. தக்காளியை நறுக்கும்போது எழும் பச்சை வாசமும் நொதிகளின் கைங்கரியம்தான், அதுவும் போய்விடும். போகட்டும், வாசத்துக்குத்தான் கடைசியில் பேசில் இலை கிள்ளிப் போடுகிறோமே. டப்பாவில் துண்டுகளாக விற்கும் தக்காளியை மட்டும் சாஸுக்கு வாங்காதீர்கள். பெக்டினை இறுக்கிப் பிடிக்கும் கால்சியம் குளோரைடைப் பெரும்பாலும் அதில் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும்.

சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பழத்தில் நுண்ணிய படிகங்களாகச் செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும். சூட்டில் செல் உடைந்ததும் பக்கத்தில் உள்ள ஆலிவ் எண்ணெய்க்குக் குடிபெயரும். சாஸ் சுண்டி எண்ணெய் பிரிந்து வரும்போது அந்த எண்ணெய் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குவது இதனால்தான். எண்ணெய் விட்டுச் சமைத்த தக்காளியிலிருந்து நம் உடலும் லைக்கோபீனைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. மீந்த சாஸைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத செம்மஞ்சள் கறை. பிளாஸ்டிக்கும் எண்ணெயைப் போலவே நீரோடு ஒட்டாத ரகம் என்பதால் லைக்கோபீன் அதற்குள் ஊறிவிடுகிறது. நல்ல வெயிலில் காயவைத்தால் மங்கும். ஒளி அதைச் சிதைத்துவிடும்.

சுண்டச் சுண்டத் தெறிக்கத் தொடங்கும். சாஸ் நீர்க்க இருக்கும்வரை அடியில் சூடானது மேலேறும், மேலிருப்பது கீழிறங்கும். கெட்டிப்பட்டதும் இந்தச் சுழற்சி படுத்துவிடும். அடியில் உண்டாகும் நீராவி வெளியேற வழியின்றிச் சேர்ந்து சேர்ந்து, பெரிய குமிழாக எழும்பி, பொளக்கென்று உடைந்து சட்டையில் புள்ளி வைக்கும். அடிப்பிடிப்பதும் அதே காரணத்தால். தீயைத் தணித்துக் கிண்டிக்கொண்டே இருந்தால், நின்றுபோன சுழற்சியை நம் கை செய்கிறது. அப்படியே சட்டி விளிம்பில் காய்ந்து பழுப்பேறிய வளையத்தையும் சுரண்டி உள்ளே தள்ளுங்கள். நீர் இருக்கும் இடத்தில் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் வற்றிய விளிம்பில் அதைத் தாண்டுகிறது. அங்கே சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து வறுபட்ட மணம் பிறக்கிறது.

விதையையும் அதைச் சுற்றிய வழுவழுப்பையும் வழித்து எறியச் சொல்லும் செய்முறைகளோடு எனக்கு உடன்பாடில்லை. 1908இல் ஜப்பானில் கிகுனே இகேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்தான் உமாமி ருசியின் மூலம். தக்காளியில் அது சதையைவிட இந்த வழுவழுப்பில்தான் அதிகம் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் காட்டியது. ருசியின் பெரும்பங்கை எறிந்துவிட்டுப் பிறகு மேலே சீஸைத் துருவிக் குவிப்பானேன்?

புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை போடுவது வழக்கம். அமிலம் இருந்தபடியே இருக்கும், நாக்குதான் ஏமாறும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நுரைத்துக்கொண்டு அமிலமே குறையும். பாட்டிலில் அடைத்து வைக்கப்போகிறவர்கள் மட்டும் சோடா பக்கமே போகக்கூடாது. பி.எச். 4.6-க்கு மேல் போனால் போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர இடம் கிடைத்துவிடும். சில பழங்கள் இயல்பாகவே அந்த எல்லையைத் தொடும் என்பதால், பாட்டிலுக்கு எலுமிச்சைச் சாறு சேர்ப்பதே சரி.

ஸ்பகெட்டி வெந்த நீரைக் கொட்டுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்பகெட்டியை ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்துச் சாஸில் போட்டு, அந்த நீரை விட்டுப் புரட்டினால் சாஸ் இழையோடு ஒட்டி நிற்கும், தட்டின் அடியில் தேங்காது.