லேசருக்குத் தெரியாத அடிப்படுகை

வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாலைப் பழுதெல்லாம் பார்த்து முடித்தாக வேண்டும். மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம் பக்கத்து வாசகர் கடிதங்களில் இப்போது அதிகம் வரும் கேள்வி: சாலையின் மேற்பரப்பை லேசரால் அளக்கும் வண்டி வந்து அளந்தால் எங்கள் சாலையும் சரியாகுமா?

23 மாநிலங்களில் 20,933 கிலோமீட்டரை இப்படி அளக்கப்போவதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025-இல் அறிவித்தது. அது ஆணையத்தின் சாலைகளுக்கு மட்டும். மூங்கில்துறைப்பட்டு வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலை அதில் வராது.

எந்தச் சாலையானாலும், இப்படி அளந்த அறிக்கையில் 'நல்ல நிலை' என்றிருந்தால், அளந்த அன்று மேற்பரப்பு சீராக இருந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல், பள்ளம், சக்கரத்தடத்தின் ஆழம், குலுக்கல் எல்லாம் எண்ணாகி, எந்தச் சாலைக்கு முதலில் பணம் என்று கணினி வரிசைப்படுத்துகிறது. அதிகாரியின் கண் மதிப்பைவிட இது எவ்வளவோ மேல்.

என்னை உறுத்துவது வேறு. எண்ணைச் சரிசெய்ய மலிவான வழி, மேலே மெல்லிசாக ஒரு தார்க்கலவை போட்டுவிடுவது. மறுநாள் அளந்தால் விரிசலே இருக்காது. அடியில் ஜல்லிப் படுகை இற்றுப்போயிருந்தாலும் சாலை 'நல்ல நிலை'.

சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் சாலையில் இது சின்ன விஷயமல்ல. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்குப்படி, அச்சின் மீது பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. மழை விட்டதும் கவனியுங்கள். லாரிச் சக்கரம் ஏறும்போது விரிசல் வழியே கலங்கல் தண்ணீர் பிதுங்கும். காய்ந்தபின் விரிசலோரம் சேற்றுக் கோடு நிற்கும். அடிமண் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். லேசருக்கு அது வெறும் விரிசல்.

அடியை அறியவும் கருவி உண்டு. எடையைச் சாலைமேல் விழவைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-இலேயே இதற்கு வழிகாட்டி நெறி வெளியிட்டது. இடத்துக்கு இடம் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்பதால் எல்லாச் சாலைக்கும் முடியாது. ஆனால் கரும்பு லாரி ஓடும் சாலைகளுக்கும், 2024 டிசம்பர் தென்பெண்ணை வெள்ளத்தில் மூழ்கிய சாலைகளுக்கும் இந்தச் சோதனை இல்லாமல் மேல்பூச்சுக்கு மதிப்பீடு போடக் கூடாது.

மற்ற கேள்விகள்:

ஒற்றைக் குழி கணக்கில் வருமா? பள்ளக் கணக்கில் வரும்; ஆனால் குலுக்கலைப் பொதுவாக 100 மீட்டருக்குச் சராசரி எடுப்பதால் அந்த எண்ணில் கரைந்துபோகலாம்.

கல்வராயன் மலைச் சாலை? வண்டி ஊர்ந்து போகும் கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கல் எண்ணை நம்ப முடியாது.

புகார் எங்கே? நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் 'நம்ம சாலை' செயலி. ஊராட்சிச் சாலை என்றால் ஒன்றிய அலுவலகம்.