‘நான் இந்தக் கம்பெனி ஆள்’ என்று சொல்லிவிட்டு எழுது!
கம்ப்யூட்டர் கருவிகளும் இணையச் சபைகளின் காவலும்

ஐதராபாத் அமீர்பேட்டையில் மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை வந்தால் போதும். சுவர், மாடிப்படி, மின்கம்பம், எங்கு பார்த்தாலும் நோட்டீஸ்! ஜாவா கற்றுத் தருகிறோம், பைத்தான் கற்றுத் தருகிறோம், டெஸ்டிங் கருவிகள் கற்றுத் தருகிறோம், வேலைக்கும் வழி காட்டுகிறோம் என்று ஒன்றை ஒன்று மறைத்தபடி ஒட்டியிருக்கும். இதை நம்பி வெளிமாநிலங்களிலிருந்தும் பட்டதாரிகள் வந்து எஸ்.ஆர்.நகர் ஹாஸ்டல்களில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுக்கும் சுவரொட்டிகளைத் தடுக்க ஆந்திரப் பிரதேசத்தில் 1997-ல் ஒரு சட்டமே வந்தது. ஆனால் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியுமா? ஒட்டுகிறவர் ஒட்டிக்கொண்டே இருக்கிறார். எது மெய், எது பொய் என்று பார்த்துக் கொள்வது படிக்கிறவர் பாடு.

இந்தப் பிள்ளைகள் வேலையில் சேர்ந்ததும் இன்னொரு சுவரைச் சந்திக்கிறார்கள். அது இணையத்தில் இருக்கிறது. உலகம் முழுவதும் உள்ள புரோகிராமர்கள் அங்கே கூடி, தங்களுக்குள் சந்தேகம் கேட்டுக் கொள்கிறார்கள். அமீர்பேட்டைச் சுவருக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம்: அங்கே காவல் உண்டு.

சம்பளம் இல்லாத காவல்

தச்சருக்கு உளியும் இழைப்புளியும் எப்படியோ, அப்படி புரோகிராம் எழுதுகிறவருக்கும் கருவிகள் உண்டு. எழுதியதைச் சோதிக்க ஒன்று, பிழை கண்டுபிடிக்க ஒன்று, பலர் எழுதியதை ஒன்று சேர்க்க ஒன்று. நாள்தோறும் புதுக் கருவிகள் வருகின்றன. செய்தவர்களுக்கு அதைப் பத்துப் பேர் அறிய வேண்டும் என்ற ஆசை இருக்கத்தானே செய்யும்? உடனே புரோகிராமர்கள் கூடும் இடத்தில் போய் எழுதுகிறார்கள். சிறிது நேரத்தில் அந்தப் பதிவு நீக்கப்பட்டு விடுகிறது. “ஏன் நீக்கினார்கள்?” என்று மனம் வெதும்புகிறார்கள்.

இந்தக் கூடங்களில் பேர் பெற்றது ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இரு அமெரிக்கர்கள் 2008-ல் ஏற்படுத்தியது. நல்ல கேள்விக்கும் நல்ல பதிலுக்கும் அங்கே புள்ளிகள் கிடைக்கும். புள்ளி ஏற ஏற அதிகாரமும் ஏறும். ஒரு கேள்வியை மூடலாம் என்று வாக்களிக்க 3,000 புள்ளிகள் வேண்டும். இவர்களுக்கு மேலே, தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாடரேட்டர்கள். மட்டுறுத்துநர் என்று தமிழில் சொல்வார்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வேலை முடிந்த பிறகு, சொந்த நேரத்தில் செய்கிற தொண்டு இது.

விளம்பரமா, உதவியா?

“இந்த வேலைக்கு எந்தக் கருவி நல்லது?” என்று கேட்பதில் என்ன தப்பு என்று தோன்றும். ஆனால் அந்தக் கூடம் நெடுங்காலம் அப்படிப்பட்ட கேள்விகளை மூடியே வந்தது. காரணங்கள் இருந்தன.

முதலாவது, இதற்கு ஒரே விடை கிடையாது. பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் பட்டியல் பழைய பஞ்சாங்கமாகிவிடும்.

இரண்டாவது, இத்தகைய கேள்வி வந்தால் விற்கிறவர்கள் கூடிவிடுவார்கள். ஒருவரே இரண்டு பெயரில் நுழைந்து, ஒரு பெயரில் கேள்வி கேட்டு, மறு பெயரில் “நான் தற்செயலாக இந்தக் கருவியைப் பயன்படுத்தினேன், அற்புதம்!” என்று பதில் எழுதுவதும் நடக்கும். சந்தையில் கடைக்காரரின் ஆளே வாடிக்கையாளர் போல் நின்று சரக்கைப் புகழ்வது நமக்குப் புதிதா என்ன?

எனவேதான் அங்கே ஒரு விதி வைத்தார்கள். சொந்தச் சரக்கைப் பற்றி எழுதுவதே குற்றமல்ல. கேட்ட கேள்விக்கு அது விடையாக இருக்க வேண்டும். “இதைச் செய்தவன் நான்”, “நான் இந்தக் கம்பெனி ஆள்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் குற்றம்.

விஷம் கலந்த கருவி

“ஒரு விளம்பரத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் 2024 மே மாதம் நடந்ததைக் கேட்க வேண்டும்.

பைத்தான் மொழிக்கான பொதுக் கிடங்கில் ‘பைடாய்லர்’ என்ற பெயரில் யாரோ ஒரு சரக்கை வைத்தார்கள். பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போய், பிழை தீராமல் தவித்துக் கொண்டிருந்தவர்களின் கேள்விகளுக்கு, “இதை ஏற்றிக் கொள்ளுங்கள், சரியாகிவிடும்” என்று பதில் எழுதினார்கள். உண்மையில் அது கருவியே அல்ல. விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் புகுந்து தகவல்களைத் திருடும் நச்சு நிரல். சோனடைப் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. பதில் எழுதிய கணக்கு முடக்கப்பட்டது.

உதவி கேட்டு நிற்பவன் அவசரத்தில் இருப்பான். யார் எதை நீட்டினாலும் வாங்குவான். வேலையில் சேர்ந்து ஆறு மாதமான பையன் அப்படி ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், பதில் எழுதிய ஆசாமி அகப்படமாட்டான். மேலதிகாரி முன்னால் நிற்கப்போவது இந்தப் பையன்தான்.

சட்டைக்காக வந்த வெள்ளம்

இன்னொரு சம்பவத்தில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. டிஜிட்டல் ஓஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி 2014 முதல் அக்டோபர்தோறும் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற விழாவை நடத்தி வருகிறது. எல்லோருக்கும் பொதுவான இலவச மென்பொருள்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் செய்து அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் பரிசு என்று அறிவித்திருந்தார்கள்.

2020 அக்டோபரில் வெள்ளம் புரண்டது. ஒரு வார்த்தையை மாற்றுவது, தலைப்பில் ‘அற்புதம்’ என்று சேர்ப்பது, இதையே திருத்தம் என்று ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். எப்படி அனுப்புவது என்று இந்தியாவிலிருந்து வெளியான ஒரு பாடக் காணொளி காட்டிய உதாரணத்தைப் பலர் அப்படியே காப்பி அடித்ததும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொன்னால் புரியும்: ஒரே குமாஸ்தாவின் மேஜையில் ஒரே நாளில் நூறு வெற்றுக் கோப்புகள் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்! ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தானே தள்ள வேண்டும்?

விழா தொடங்கிய மூன்றாம் நாளே விதி மாறியது. “எங்களுக்குச் சம்மதம்” என்று முன்கூட்டிச் சொன்னவர்களின் மென்பொருள்கள் மட்டுமே கணக்கில் வரும் என்றார்கள். 2023-ல் டி-ஷர்ட்டே நின்றுபோயிற்று.

2024 தொடக்கத்தில் மறுபடியும் அதே கதை. உலகெங்கும் பயன்படும் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற மென்பொருளின் முகப்புக் குறிப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்தன. இதற்கும் மூலம் இந்தியப் பாடக் காணொளி ஒன்றுதான். மாணவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. வாத்தியார் செய்து காட்டினார், அவர்களும் செய்தார்கள். ஆனால் கெட்ட பெயர் யாருக்கு? இந்திய மாணவர்கள் எல்லோருக்கும் அல்லவா!

காவலரும் தவறலாம்

காவலர்கள் செய்வதெல்லாம் சரி என்றும் சொல்வதற்கில்லை. புதிதாக வந்து, அரைகுறை ஆங்கிலத்தில் கேட்ட நியாயமான கேள்வியைக்கூட வெடுக்கென்று மூடியதுண்டு. புதியவர்களுக்கும் பெண்களுக்கும் தங்கள் கூடத்தில் நல்ல வரவேற்பு இல்லை என்று 2018 ஏப்ரலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிர்வாகமே ஒப்புக் கொண்டது. அதே ஆண்டு நடத்தை விதிகளும் புதிதாக எழுதப்பட்டன.

ஆனால் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. பார்வைக்குப் பிரமாதமாகவும் உள்ளே தப்பாகவும் இருந்த பதில்கள் வந்து குவிந்தன. டிசம்பர் 5-ந் தேதியே அவற்றுக்குத் தடை போட்டார்கள். அடுத்த ஆண்டு நிர்வாகம் மாடரேட்டர்களின் கையைக் கட்டியது. இயந்திரம் எழுதியது என்ற சந்தேகத்தின் பேரில் பதில்களை நீக்கக்கூடாது என்றது. தொண்டர்கள் 2023 ஜூன் 5-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளமே வாங்காதவர்கள் செய்த வேலைநிறுத்தம்! பேச்சுவார்த்தை நடந்து, உடன்பாடு ஏற்பட்டு, ஆகஸ்டில்தான் திரும்பினார்கள்.

பெற்றோரும் பிள்ளைகளும் கவனிக்க

ஒரு கூடத்தில் நுழைந்ததும் எழுதத் தொடங்க வேண்டாம். அங்குள்ள விதியைப் படித்து, நான்கு நாள் மற்றவர் எழுதுவதைப் பார்ப்பது நல்லது.

சொந்தக் கருவியைப் பற்றி எழுதினால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அது எதைச் செய்யாது என்பதையும் சொன்னால் மதிப்பு கூடும்.

யாரோ சிபாரிசு செய்தார் என்பதற்காக எதையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது. செய்தவர் யார், எத்தனை காலமாக இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

பதிவை மூடினால் சண்டை வேண்டாம். காரணம் எழுதியிருப்பார்கள். திருத்தி, மறுபடி திறக்கும்படி கேட்க வழி இருக்கிறது.

ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழிலேயே தொடங்கலாம். கணினிப் பாடங்களைத் தமிழில் தரும் ‘கணியம்’ 2012 முதல் வெளிவருகிறது. ஐதராபாத்திலேயே கட்டற்ற மென்பொருளுக்காகப் பாடுபடும் ‘ஸ்வேச்சா’ அமைப்பு இருக்கிறது. நேரில் நாலு பேருடன் பழகினால் சபை ஒழுங்கு தானாக வரும்.

இணையத்தில் எழுதியது எளிதில் அழியாது. நாளை வேலை கொடுக்கப் போகிறவர் பையனின் பெயரைத் தட்டிப் பார்ப்பார். அங்கே அவன் பத்துப் பேருக்குப் பதில் சொன்னதும் தெரியும். பத்து இடத்தில் நோட்டீஸ் ஒட்டியதும் தெரியும்.