கிளஸ்டர்ல டாக்கருக்கு நோ என்ட்ரி!

உங்க லேப்டாப்பில் டாக்கர் போட்டு, பைத்தான் பேக்கேஜ் மொத்தத்தையும் ஒரே கன்டெய்னருக்குள்ள அடைச்சு, புராஜெக்ட் ஜம்முனு ஓடுதா? சந்தோஷம். அதையே பெரிய டேட்டாவில் ஓட்ட கிளஸ்டர்ல அக்கவுன்ட் வாங்கி, 'டாக்கர் பில்ட்'னு தட்டினா... 'பர்மிஷன் டினைட்'!

அட்மினைத் திட்டாதீங்க பாஸ். திருச்சி என்.ஐ.டி.யில் 2022-ல் வந்த 838 டெராஃப்ளாப்ஸ் 'பரம் பொருள்' மாதிரி மெஷின்கள் பலரும் பங்கு போட்டுக்கிற சொத்து. வழக்கமான டாக்கரோ, பின்னணியில் 'ரூட்' அதிகாரத்தோடு ஓடுற ஒரு டீமனை நம்பி இருக்கு. அதுக்குக் கட்டளை போட உங்களை விட்டா, மெஷினின் மொத்த ஃபைல்களையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் பண்ணிடலாம். பக்கத்து லேப் அக்காவோட நாலு வருஷ பி.ஹெச்டி டேட்டா காலியாக ஒரே ஒரு வரி போதும்!

இதுக்காகவே அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரகரி கர்ட்சர் ஆரம்பிச்சதுதான் 'சிங்குலாரிட்டி'. 2021 நவம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குள் வந்து 'அப்டெய்னர்' ஆச்சு. டீமனே கிடையாது. வெளியே நீங்க யாரோ, கன்டெய்னருக்குள்ளும் அதே ஆள்தான். இமேஜ் மொத்தமும் ஒரே 'சிஃப்' ஃபைல். பென்டிரைவில் போட்டு ஃப்ரெண்டுக்குக் கொடுக்கலாம்.

டாக்கர்ஃபைலை அப்டெய்னர் படிக்காதுங்கிறது உண்மை. ஆனா, டாக்கர் இமேஜை அழகா மாத்திக்கும். லேப்டாப்பில் பில்ட் பண்ணி, 'டாக்கர் சேவ்' போட்டு, அந்த டார் ஃபைலை கிளஸ்டரில் 'அப்டெய்னர் பில்ட்'கிட்ட கொடுத்தா முடிஞ்சது. நான் சிபாரிசு பண்றது இந்த ரூட்டைத்தான். ஆப்பிள் சிலிக்கான் மேக் வச்சிருக்கிற பணக்கார மக்கள் மட்டும், பில்ட் பண்ணும்போதே பிளாட்ஃபார்ம் 'ஏ.எம்.டி.64'னு சொல்லிடுங்க. இல்லேன்னா இன்டெல், ஏ.எம்.டி. கிளஸ்டரில் அது ஓடாது.

நேரடியா டெஃபினிஷன் ஃபைல் எழுதுறவங்களுக்கு ரெண்டு பொறி காத்திருக்கு. 'என்விரான்மென்ட்' பகுதியில் எழுதுற வேரியபிள் எல்லாம் ஓடும்போதுதான் உயிர் பெறும்; பில்ட் நடக்கிற 'போஸ்ட்' பகுதிக்குத் தெரியாது. அங்கேயும் வேணும்னா இன்னொரு தடவை எழுதணும். அடுத்து, டாக்கர் மாதிரி லேயர் லேயரா சேமிச்சு வைக்கிற பழக்கம் இதுக்கு இல்லை. கடைசி வரியில் எரர் வந்தா, முதல்லேர்ந்து மறுபடியும்! முதலில் 'சேண்ட்பாக்ஸ்' முறையில் கட்டிப் பார்த்துட்டு, அப்புறம் சிஃப் ஆக்குங்க.

இன்னொரு தலைவலி... உங்க ஹோம் ஃபோல்டர் தானா உள்ளே வந்து உட்கார்ந்துக்கும். அங்கே எப்பவோ 'பிப்' போட்ட பழைய நம்பை, கன்டெய்னருக்குள்ள இருக்கிற புதுசை முந்திக்கிட்டு வந்து நிக்கும். 'நோ ஹோம்' ஆப்ஷன் அதுக்குத்தான். கேஷும் ஹோமில்தான் குவியும். கோட்டா நிரம்பறதுக்கு முன்னாடி 'அப்டெய்னர் கேஷ்டிர்' வேரியபிளை ஸ்கிராட்ச் பக்கம் திருப்பி விடுங்க.

ஜி.பி.யு. வேணும்னா ரன் பண்ணும்போது 'என்.வி.' ஆப்ஷன். பில்டை மட்டும் லாகின் நோடில் ஓட்டிடாதீங்க. ஸ்லர்ம்ல ஒரு ஜாப் கேட்டு, அங்கே ஓட்டுங்க!